எச்.எம்.டி. தெரியும், ‘ஜி.எம்.டி.’ தெரியுமா? 10 லட்ச ரூபாய் ரோலக்ஸ் சாயலில் 10 ஆயிரம் ரூபாய் வாட்ச்!

திருச்செங்கோடு:

ஒரே வாட்ச். அதில் இரண்டு ஊர் நேரம்!

திருச்செங்கோட்டில் மணி என்ன என்று பார்க்கலாம். அதே வாட்சில், கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் மணி என்ன என்றும் பார்க்கலாம். இப்படியும் ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது. அதற்குப் பெயர் ‘ஜி.எம்.டி.’ வாட்ச்.

“எச்.எம்.டி. தெரியுமுங்க. எங்க அப்பாரு கட்டியிருந்தாரு. அதென்னங்க ஜி.எம்.டி.?” என்று கேட்கிறீர்களா? அதைத்தான் சொல்லப் போகிறோம்.

இந்த வகையில் பேர்போனது சுவிட்சர்லாந்து நாட்டின் ரோலக்ஸ். விலை ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய். அடேயப்பா! ஒரு வாட்சுக்கா?

அதே தோற்றத்தில், அதே வேலையைச் செய்கிற வாட்ச் 10 ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. அதுவும் சட்டப்படி! திருட்டுச் சரக்கு அல்ல. போலியும் அல்ல. ஆனால் பக்கத்திலேயே போலியும் விற்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், மானமும் போகும்.

ரிக் ஊருக்கு எதற்கு இந்த வாட்ச்?

திருச்செங்கோடு என்றால் மலைமேல் அர்த்தநாரீசுவரர். அடுத்தது ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு இந்தியாவிலேயே பேர்பெற்ற ஊர் இது. ராஜஸ்தான் பாலைவனத்தில் போர் போடுகிற வண்டியைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் பாருங்கள். வண்டியின் முகப்பில் ‘திருச்செங்கோடு’ என்று எழுதியிருக்கும்.

இந்த ரிக்குகள் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கின்றன. வண்டி போனால் ஆளும் போக வேண்டும் அல்லவா? முதலாளி இங்கே; வண்டி அங்கே. தினமும் பேச வேண்டும். எத்தனை அடி ஓடியது? டீசல் எவ்வளவு? தண்ணீர் வந்ததா? இந்தத் தொழிலில் அடிதான் கணக்கு, கணக்குத்தான் காசு.

இங்கேதான் நேரக் குழப்பம்!

காலை 6 மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, முதலாளி கானா நாட்டுக்குப் போன் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரையாடல் இப்படித்தான் இருக்கும்.

“என்னப்பா, வண்டி கிளம்பிருச்சா?”

“அண்ணா... இங்க நடுச்சாமமுங்க. மணி பன்னெண்டரைங்க.”

கானா நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே விடிந்தால் அங்கே நள்ளிரவு. பகல் எல்லாம் கல்லோடு போராடிவிட்டுப் படுத்தவன் எழுந்து பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் என்றால் சரி. தினமும் என்றால்?

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும்.

கென்யா, தான்சானியா, உகாண்டா, எத்தியோப்பியா: நமக்கு இரண்டரை மணி பின்னால்.

மொசாம்பிக், ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே: மூன்றரை மணி பின்னால்.

நைஜீரியா: நாலரை மணி பின்னால்.

கானா: ஐந்தரை மணி பின்னால்.

கவனித்தீர்களா? எல்லாவற்றிலும் ஒரு ‘அரை’ ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த அரை மணிதான் வாட்ச் விஷயத்தில் பெரிய தலைவலி. அதற்குப் பிறகு வருவோம்.

விமானிகளுக்காகப் பிறந்தது

ஜி.எம்.டி. என்றால் ‘கிரீன்விச்’ நேரம். லண்டனில் உள்ள கிரீன்விச் என்ற இடத்தை வைத்து உலகத்துக்கே நேரக் கணக்கு போட்டார்கள்.

1950-களில் விமானங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பறந்தன. விமானிக்கு இறங்குகிற ஊர் நேரமும் வேண்டும். கிரீன்விச் நேரமும் வேண்டும். 1953-ல் ‘கிளைசின்’ என்ற சுவிஸ் கம்பெனி ‘ஏர்மேன்’ என்ற 24 மணி நேர வாட்ச் கொண்டுவந்தது. 1955-ல் ரோலக்சின் ‘ஜி.எம்.டி. மாஸ்டர்’ வந்தது. அமெரிக்காவின் ‘பான் ஆம்’ விமான கம்பெனி விமானிகள் அதைக் கட்டினார்கள்.

அதில் என்ன புதுமை? வழக்கமான மூன்று முள்ளோடு நாலாவதாக ஒரு முள். மணி முள் ஒரு நாளில் இரண்டு சுற்று சுற்றும். இந்த நாலாவது முள் ஒரே ஒரு சுற்றுத்தான். வாட்சைச் சுற்றி ஒரு வளையம்; அதில் 24 வரை எண்கள். வளையம் பாதி சிவப்பு, பாதி நீலம். சிவப்பு பகல், நீலம் இரவு.

இந்தச் சிவப்பு-நீலத்தைப் பார்த்து ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் என்ன தெரியுமா? ‘பெப்சி’!

இன்று கடைகளில் கிடைக்கும் சாயல் வாட்சுகளில் பெரும்பாலானவை இந்த ‘பெப்சி’யைப் பார்த்துச் செய்தவைதான்.

சாயல் வேறு, போலி வேறு

இதுதான் முக்கியமான விஷயம். கொஞ்சம் நின்று படியுங்கள்.

சாயல் வாட்ச் என்பது பெரிய கம்பெனி வாட்சின் தோற்றத்தைப் பார்த்து, இன்னொரு கம்பெனி தன் சொந்தப் பெயரில் செய்வது. டயலில் அவர்கள் பெயர்தான் இருக்கும். சீனாவின் ‘பகானி டிசைன்’, ஜெர்மனியின் ‘ஸ்டைன்ஹார்ட்’ போன்றவை இந்த ரகம். ஆங்கிலத்தில் இதை ‘ஹோமேஜ்’ என்பார்கள். மரியாதை செய்வது என்று பொருள்.

போலி என்பது வேறு. எவனோ ஒருவன் செய்துவிட்டு, டயலில் ‘ரோலக்ஸ்’ என்று எழுதி, கிரீடத்தையும் பொறித்துவிடுவது. கடைக்காரர் நைசாகச் சொல்வார்: “பர்ஸ்ட் காப்பி சார்... மாஸ்டர் காப்பி சார்...” பெயர் எதுவானாலும் சரக்கு போலிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி, பிறர் சின்னத்தைப் பொய்யாகப் போடுவதும், அப்படிப்பட்ட சரக்கை விற்பதும் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டிலிருந்து வரும் போலிச் சரக்கைச் சுங்க இலாகா நிறுத்திவைக்க 2007-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன.

போலி என்று தெரிந்தே ஒருவன் அதை ‘அசல்’ என்று இன்னொருவர் தலையில் கட்டினால் அது மோசடி. ஒரு காலத்தில் ‘420’ என்றோமே, அந்தக் குற்றம். 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அது 318-வது பிரிவு. நம்பர்தான் மாறியது, ஜெயில் மாறவில்லை!

சாயல் வாட்சுக்கு இந்தச் சிக்கல் ஏன் இல்லை? சொந்தப் பெயரில் வருகிறது, யாரையும் ஏமாற்றவில்லை. வடிவத்துக்கு என்று பதிவு செய்யும் உரிமையும் நம் நாட்டில் அதிகபட்சம் 15 ஆண்டுதான். ‘பெப்சி’ வடிவத்துக்கு வயது எழுபதாகிறது!

நம் ஊர் வாட்ச் கதை

வாட்ச் ஆசை நமக்குப் புதிதல்ல. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போடுவது கொங்கு நாட்டில் பழைய வழக்கம். “மாப்பிள்ளைக்கு என்ன வாட்ச் போட்டாங்க?” என்று பந்தியில் பேச்சு நடக்கும்.

1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டோடு தொடங்கியது. வெளிநாட்டு வாட்ச் என்றால் மதிப்பு என்று இருந்த நாளில், நாட்டு வாட்சைக் கையில் கட்டவைத்தது அதுதான். சாவி கொடுக்கிற எச்.எம்.டி. இன்றும் பல வீட்டு பீரோவில் தூங்குகிறது. 2016-ல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவு செய்தது.

1984-ல் டாட்டாவும் தமிழக அரசின் ‘டிட்கோ’வும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை எங்கே? நம் பக்கத்து ஓசூரில்!

‘பாரின் வாட்ச்’ மோகம் மட்டும் போகவில்லை. அந்தக் காலத்தில் சென்னை பர்மா பஜாருக்குப் போனார்கள். இந்தக் காலத்தில் செல்போனில் ஆர்டர் போடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

10 லட்சத்துக்கும் 10 ஆயிரத்துக்கும் என்ன வித்தியாசம்?

உள்ளே இருக்கும் மெஷின்தான் வித்தியாசம்.

ரோலக்சின் இப்போதைய ஜி.எம்.டி. மெஷின் ஒரு நாளைக்கு 2 வினாடி முன்பின் போகலாம் என்கிறது கம்பெனி. கழற்றி வைத்தால் 70 மணி நேரம் ஓடும்.

நடுத்தர விலைச் சாயல் வாட்சுகள் பலவற்றில் ஜப்பானின் சீக்கோ குழுமம் செய்யும் ‘என்.எச்.34’ என்ற மெஷின் இருக்கிறது. 2022-ல் வந்தது. கையை ஆட்டினாலே சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்தால் 41 மணி நேரம். ஆனால் நாளைக்கு 20 வினாடி மெதுவாகவோ, 40 வினாடி வேகமாகவோ போகலாம். வாரம் ஒருமுறை சரி செய்ய வேண்டும். மிகக் குறைந்த விலையில் இருப்பவற்றில் சீன மெஷின். சீன மெஷின் பழுதானால் பிரித்துப் பழுது பார்ப்பதைவிட, மெஷினையே மாற்றிவிடுவது லாபம்.

பேட்டரி வாட்ச் வேண்டுமா? அதிலும் ஜி.எம்.டி. உண்டு. பொதுவாக மாதத்துக்கே 15, 20 வினாடிதான் வித்தியாசம். நேரம் மட்டும்தான் வேண்டும் என்கிறவருக்கு அதுவே போதும்.

“அப்படின்னா 10 லட்சம் எதுக்குங்க?” என்று கேட்கலாம். வேலைப்பாடு, உலோகம், பெயர், விற்றால் திரும்பி வரும் விலை. அதற்குத்தான். சாயல் வாட்சை விற்கப் போனால் ஒன்றும் தேறாது. அதை முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். உபயோகப் பொருள் என்று நினைத்து வாங்குங்கள்.

அரை மணித் தலைவலி

இப்போது அந்த ‘அரை’ விஷயத்துக்கு வருவோம்.

நம் நாட்டு நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். முன்பு சென்னைக்குத் தனி நேரம் இருந்தது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முன்னால். சென்னை வான ஆராய்ச்சி நிலையக் கணக்கு அது. ரயில்கள் கூட அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல்தான் நாட்டுக்கு ஒரு பொது நேரம் வந்தது.

உலகில் பெரும்பாலான நாடுகள் முழு மணிக் கணக்கில் இருக்க, நாம் அரையில் நிற்கிறோம். பாதி அம்மன், பாதி சிவனாக ஈசன் நிற்கிற ஊருக்கு இது பழக்கம்தான். வாட்ச் முள்ளுக்குப் பழக்கமில்லை!

பெரும்பாலான ஜி.எம்.டி. வாட்சுகளில் முள்ளை ஒவ்வொரு மணியாகத்தான் தாண்ட வைக்கலாம். அரை மணியில் நிற்காது. 10 லட்ச ரூபாய் ரோலக்சிலும் இதே கதைதான். அதன் வளையமும் மணிக்கு ஒரு ‘கிளிக்’ என்று 24 கிளிக்தான் திரும்பும்.

அப்போது என்ன செய்வது? வழி இருக்கிறது.

கென்யா நேரம் வேண்டும் என்றால், நாலாவது முள்ளை இந்திய நேரத்துக்கு 3 மணி பின்னால் வையுங்கள். பார்க்கும்போது அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே மாலை 7 மணி. முள் 16-ல் நிற்கும். அரை கூட்டினால் பதினாறரை. அதாவது அங்கே மாலை நாலரை. சரிதானே?

இன்னொரு வழி. சில வாட்சுகளில் வளையம் அரை மணிக்கும் நின்று திரும்பும். நாலாவது முள்ளை இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டு, வளையத்தை வலப்பக்கமாக இரண்டரை மணி திருப்பிவிட்டால் கூட்டல் கழித்தலே வேண்டாம். வாங்கும்போது வளையத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ஓசியில் ஒரு ஜி.எம்.டி.!

காசே செலவில்லாமல் ஒரு வித்தை சொல்கிறோம்.

உங்கள் சாதாரண முள் வாட்சைக் கழற்றுங்கள். அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். 6 இருந்த இடம் மேலே வரும். அதை 12 என்று வைத்துக்கொண்டு மணி பாருங்கள். அதுதான் கிரீன்விச் நேரம்!

இங்கே காலை 10 மணி என்றால் திருப்பினால் நாலரை தெரியும். கானாவில் அப்போது அதிகாலை நாலரை! மணி முள் மட்டும் அரை எண் பின்தங்கி நிற்கும். நிமிஷ முள்ளைப் பார்த்துக் கணக்கிட்டால் தப்பாது. கானா வருஷம் முழுக்கக் கிரீன்விச் நேரத்தில்தான் இருக்கிறது. லண்டன் மட்டும் கோடையில் ஒரு மணி மாறிவிடும்.

ஐந்தரை மணி வித்தியாசம் என்று அலுத்துக்கொண்டோமே, அதனால் வந்த லாபம் இது. பீரோவில் தூங்கும் எச்.எம்.டி.யே கானா நேரம் காட்டும்!

வாங்கும் முன் கவனிக்க...

யாருக்கு வாட்ச் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஜி.எம்.டி.யில் இரண்டு ரகம். ஊரில் உட்கார்ந்து வெளிநாட்டுக்குப் பேசுகிறவருக்கு நாலாவது முள் தனியாக நகர வேண்டும். ‘என்.எச்.34’ அந்த ரகம். அடிக்கடி விமானம் ஏறுகிறவருக்கு மணி முள் தனியாகத் தாண்ட வேண்டும். ரோலக்சும், ஜப்பானின் ‘மியோட்டா 9075’ மெஷினும் அந்த ரகம். முதலாளிக்கு ஒன்று, பறக்கிற ஆளுக்கு மற்றொன்று.

ரிக்கில் நிற்கிற ஆளுக்கு வாங்குகிறீர்களா? யோசியுங்கள். பாறையில் சுத்தி இறங்கும்போது வண்டியே அதிரும். சாவி வாட்சின் உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் வினாடிக்கு 6 தடவை ஆடுகிற சமாச்சாரம். நாள் முழுக்க அதிர்ந்தால் தாங்காது. பேட்டரி வாட்ச் மேல். அதையும் விட முக்கியம்: சுற்றுகிற ராடு பக்கத்தில் வேலை செய்யும்போது கையில் வாட்சே வேண்டாம். வாட்ச் மாட்டினால் கையும் சேர்ந்து போகும். கழற்றிப் பையில் போடுங்கள்.

சேறும் தண்ணீரும் தெறிக்கிற இடத்துக்குப் போகிற வாட்ச் என்றால், குறைந்தது 100 மீட்டர் என்று போட்டிருக்க வேண்டும். சாவித் திருகு மரை போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தால் நல்லது. இறுக்க மறந்தால் 100 மீட்டரும் சும்மா!

இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணிக்குள் தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே தேதிச் சக்கரம் மாறிக்கொண்டிருக்கும். பல் உடையும்.

“செல்போனிலேயே உலக நேரம் எல்லாம் வருதே, வாட்ச் எதுக்கு?” என்பவர்களும் உண்டு. நியாயம்தான். போனில் வருவது கூட்டல் கழித்தல் இல்லாத, வினாடி பிசகாத நேரம். ஆனால் போனை எடுத்தால் நேரத்தை மட்டுமா பார்க்கிறோம்? மணி பார்க்க எடுத்தவர் அரை மணி கழித்துத்தான் கீழே வைக்கிறார். மணிக்கட்டைத் திருப்பினால் ஒரு வினாடி. அத்தோடு, தூரத்தில் இருக்கும் ஆளின் நேரம் எப்போதும் கண்முன்னே இருக்கும். “இப்ப அவன் சாப்பிடற நேரம், அப்புறம் பேசலாம்” என்று முதலாளிக்குத் தோன்றினால், வாட்ச் போட்ட காசு அதிலேயே திரும்பிவிட்டது.

மகன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற வீட்டுக்கும் இது பொருந்தும். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால்.

‘ரோலக்ஸா?’ என்று கேட்டால்...

சாயல் வாட்ச் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

“ஏனுங்க மச்சான், ரோலக்ஸுங்களா?”

இந்தக் கேள்விக்குச் சொல்கிற பதிலில்தான் இருக்கிறது மரியாதை. “ஆமாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அன்றைக்கு அந்த வாட்சும் போலி ஆகிவிடும். வைத்திருப்பவரும் போலி ஆகிவிடுவார். நாளைக்கு ஒரு விவரம் தெரிந்தவர் டயலில் உள்ள பெயரைப் படித்தால் தலை எங்கே வைப்பது?

“இல்லீங்க. அது மாதிரி. எட்டாயிரம் ரூபா. ஆப்பிரிக்கா டைமும் காட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் கையை இழுத்து வைத்துப் பார்ப்பார். “நமக்கும் ஒண்ணு வாங்கணுமே” என்பார்.

டயலில் தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்ட வாட்ச் பொய் சொல்லவில்லை. கட்டியிருப்பவரும் சொல்லாமல் இருந்தால் போதும்!